லென் டக்வெல்லின் மூன்று தூண்டில்கள்

மெர்வின் கோப் வாயைத் திறந்தால் பக்கத்தில் யாராவது ஒருவருக்கு முகம் சுருங்கும். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. முப்பத்திரண்டு வருஷம் பஸ் டிப்போவில் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை பார்த்தவன். வெளியே தெரிகிற கால்களைப் பார்த்துக் கிண்டலடித்தே பொழுதை ஓட்டியவன். வேலையை விட்டு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கல்யாணமான ஒன்பதாவது வருஷம் அவன் பெண்டாட்டி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். "உன்கூடச் சண்டை ஒண்ணும் இல்ல மெர்வ். சிரிச்சுச் சிரிச்சு எனக்குத் தாடை வலிக்குது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் அதையும் அவன் டிப்போவில் ஜோக்காகச் சொன்னான்.

அவனிடம் கோபித்துக்கொள்ளாத ஒரே ஆள் லென் டக்வெல். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அதே வகுப்பில் இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த டோரீனைத்தான் லென் கட்டிக்கொண்டான். பூட்ஸ் தொழிற்சாலையில் வேலை. மெதுவாகப் பேசுவான், மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே யோசிப்பான். மெர்வின் எவ்வளவு சீண்டினாலும் காது சிவக்கச் சிரிப்பானே தவிர ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல மாட்டான்.

இருவருக்கும் கோல்ட்வெல் ஏரிதான் உயிர். இங்கிலாந்தில் நீன் ஆற்றுப் பக்கம் சரளைக்கல் தோண்டின பள்ளம் நிறைந்து ஏரியானது. நாற்பது பேருக்குத்தான் உள்ளே அனுமதி. ஒருவர் செத்தாலோ வெளியூர் போனாலோதான் அடுத்தவருக்கு இடம். உள்ளே கிடக்கிற கிழட்டுக் கெண்டைகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பிடிப்பார்கள், எடை போடுவார்கள், காயம் பட்டிருந்தால் மருந்து தடவுவார்கள், குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி தண்ணீரில் விட்டுவிடுவார்கள். பொரித்துத் தின்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், அப்புறம் அந்தக் கரையில் உங்களோடு யாரும் பேச மாட்டார்கள்.

இருபத்தாறு வருஷமாக லென்னுக்கு வில்லோ மரத்தடி. மெர்வினுக்கு அடுத்த இடம், முப்பது அடி தள்ளி. நடுவில் ஒரு முட்புதர். புதருக்கு மேலாக டீயா, மழை வருமா, நேற்று ராத்திரி பந்து விளையாட்டில் என்ன ஆயிற்று என்று கத்திக்கொள்வார்கள்.

அந்தக் கரையில் ஒரு மரியாதை உண்டு. தண்ணீரில் தூண்டில் கிடக்கும்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒருவனுக்கு வீட்டிலிருந்து அவசரப் போன் வந்து எழுந்து ஓடினானென்றால், பக்கத்து இடத்துக்காரன் வந்து அவனுடைய தூண்டில்களை இழுத்துச் சுருட்டி, ஈயக்குண்டை மாட்டி, ஒழுங்காகத் தாங்கியில் வைத்துவிட்டுப் போவான். யாரும் கேட்க வேண்டியதில்லை. நன்றியும் சொல்வதில்லை. வாசலில் காய்கிற துணியை மழைக்கு முன்னால் அடுத்த வீட்டுக்காரி எடுத்து வைப்பது மாதிரி, கை தானாகப் போய்ச் செய்யும்.

இனி, தண்ணீரில் போட்டால் கரைந்துபோகிற இந்தச் சாமான்கள். தூண்டில் கடைக்குப் போனால் ஒரு சுவர் முழுக்க அதுதான் தொங்குகிறது. கரைகிற பை, கரைகிற வலை, கரைகிற நூல், கரைகிற நாடா, கரைகிற நுரைக்கட்டி. மாவு உருண்டைத் தூளைப் பையில் அடைத்து முள்ளோடு சேர்த்து வீசினால், அடியில் போய்ப் பை கரைந்து தீனி மட்டும் குவியலாகக் கிடக்குமாம். கை ஈரமாக இருந்தால் விரலிலேயே ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கும். "நம்ம அப்பன் காலத்துக் கெண்டை எல்லாம் பட்டினியா கெடந்துச்சா? ஒரு பிடி அள்ளி வீசினா தின்னாதா?" என்பான் மெர்வின். உண்மையைச் சொன்னால், பத்துக்கு ஒன்பது பங்கு அவன் பேச்சு சரிதான். அந்தச் சுவரில் தொங்குவதில் பாதியைக் கொளுத்தினாலும் மீனுக்கும் நஷ்டமில்லை, மனுஷனுக்கும் நஷ்டமில்லை.

மிச்சமுள்ள அந்த ஒரு பங்கில்தான் வந்தது வினை.

லென்னின் இடத்துக்கு முன்னால் பாசி மண்டிக் கிடந்தது. முள்ளுக்குப் பக்கத்தில் உள்ள ஈயக்குண்டைத் தளர்வாக மாட்டினால், எறிகிற வேகத்தில் கழன்று எங்கேயோ போய் விழும். இறுக்கி மாட்டினால், மீன் இழுத்துக்கொண்டு ஓடும்போது குண்டு பாசியில் போய்ச் சிக்கும். மீன் கட்டிப்போட்ட மாடு மாதிரி அங்கேயே நிற்கும். இதற்குத்தான் ஒரு விரல் நீளம் கரைகிற நாடா. தளர்வான குண்டை அதால் ஒரு கட்டுக் கட்டி எறிந்தால், எறியும்போது பிடித்துக்கொள்ளும். அடியில் போய்க் கரைந்துவிடும். மீன் இழுத்ததும் குண்டு கழன்று விழ, மீன் மேலே வந்துவிடும். அவ்வளவுதான் விஷயம். ஒரு விரல் நீளம்.

போன இலையுதிர் காலத்தில் இரண்டு மீன் அப்படிப் பாசியில் சிக்கிப் போன பிறகு, லென் ஒரு சுருள் நாடா வாங்கினான். கட்டினவுடன் முடிச்சை நாக்கால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். லென் அப்படி நக்கிக்கொண்டிருந்ததைப் புதருக்கு மேலாக மெர்வின் பார்த்துவிட்டான்.

"என்னடா லென், ஈயக்குண்டுக்கு முத்தமா? டோரீனுக்குத் தெரியுமா இது?"

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. நவம்பரில் உறுப்பினர்கள் எல்லாரும் கூடிப் பாதையை வெட்டிச் சுத்தம் செய்கிற நாள் வந்தது. மத்தியானம் எல்லாரும் தொத்திறைச்சி சுட்டுத் தின்றுகொண்டிருந்தபோது, மெர்வின் லென்னின் பெட்டியிலிருந்து அந்தச் சுருளை எடுத்தான். லென்னின் டீக் கோப்பையிலேயே போட்டான். கரண்டியால் கலக்கி, கோப்பையைச் சுற்றிலும் காட்டினான்.

"பாருங்கப்பா, லென் வாங்கின சாமானை! காசு எங்க? காணோம். நாடா எங்க? காணோம். மூளை எங்க? அது மொதல்லயே காணோம்!"

எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். லென்னும் சிரித்தான், காது சிவக்க. அடுத்த வாரம் மெர்வின் எட்டிப் பார்த்தபோது, லென் நாடா இல்லாமல் குண்டை அழுத்தி இறுக்கிக்கொண்டிருந்தான். "அப்படி வா வழிக்கு" என்றான் மெர்வின்.

ஏப்ரல் முதல் வாரம், ஒரு வியாழக்கிழமை. விடிந்து வெகுநேரமாகிவிட்டது. மெர்வின் தன் தூண்டில்களைச் சுருட்டி வைத்துவிட்டு, நெடுஞ்சாலை ஓரம் நிற்கிற வண்டிக்கடைக்குப் போனான், இரண்டு பேருக்கும் பன்றிக்கறி ரொட்டி வாங்க. லாரிக்காரர்கள் வரிசை கட்டி நின்றிருந்தார்கள். திரும்பி வர அரை மணி நேரம் ஆயிற்று.

ஏரி வாசல் கதவைத் தாண்டும்போதே லென்னின் அலாரம் கேட்டது. தூண்டிலில் மீன் இழுத்தால் அலறுகிற பெட்டி அது. ஒவ்வொருவரும் தனித்தனிச் சுருதி வைத்திருப்பார்கள். லென்னுடையது தணிந்த குரல். விட்டு விட்டுக் கத்தியது. "எடுடா, தூங்குமூஞ்சி!" என்று கத்திக்கொண்டே மெர்வின் போனான்.

மரத்தடியில் ஆள் இல்லை. பூட்ஸ் இரண்டும் ஜோடியாக, நாக்கை வெளியே இழுத்து, கயிற்றை உள்ளே மடித்து, நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. தொப்பிக்குள் மூக்குக்கண்ணாடி. நடுத் தூண்டில் வளைந்து, கம்பி மாதிரி விறைத்த தூண்டில் நரம்பு பாசித் திட்டுக்குள் போய் மறைந்திருந்தது.

"லென்! லேய், லென்!"

தண்ணீர் சும்மா கிடந்தது.

இங்கேதான், ஐயோ, அந்தக் கை! மெர்வின் தூண்டிலை எடுத்து இழுத்தான். கனத்தது, பிறகு பிய்ந்தது. ஒரு கூடைப் பாசி வந்தது. முள்ளில் மீன் இல்லை. குண்டு மட்டும் இறுகினது இறுகினபடி இருந்தது. அவன் பாசியைப் பிடுங்கி எறிந்தான். முள்ளை வளையத்தில் மாட்டினான். தாங்கியில் வைத்தான். இடது பக்கத்துத் தூண்டிலைச் சுருட்டினான். வலது பக்கத்ததைச் சுருட்டினான். மூன்றையும் வரிசையாக வைத்த பிறகுதான், தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. அப்போதுதான் போனை எடுத்தான்.

மத்தியானத்துக்குள் முக்குளிப்பவர்கள் லென்னைப் பாசிக்கு அடியிலிருந்து எடுத்துவிட்டார்கள். குளிர்ந்த தண்ணீர் முதல் நிமிஷத்திலேயே இதயத்தை நிறுத்தியிருக்கும், யார் வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். லென்னுக்கு நீச்சல் தெரியாது. அது ஊருக்கே தெரியும்.

ஜூனில் மரண விசாரணை. ஜோடியாகப் பூட்ஸ், தொப்பிக்குள் கண்ணாடி, சுருட்டி வைத்த தூண்டில்கள். ஜனவரியில் தொழிற்சாலை ஆட்குறைப்பில் லென்னுக்கு வேலை போயிருந்ததும், அவன் டாக்டரிடம் தூக்க மாத்திரை கேட்டதும் பேச்சில் வந்தது. அதிகாரி மெர்வினைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க போன் பண்ணினப்போ மூணு தூண்டிலும் தண்ணிக்கு வெளியேதான் இருந்துச்சா?"

"ஆமாம்" என்றான் மெர்வின்.

பொய் இல்லை. யார் வெளியே எடுத்தார்கள் என்று அவர் கேட்கவில்லை, இவன் சொல்லவில்லை. சொல்லத்தான் வாயைத் திறந்தான். சொன்னால் அடுத்த கேள்வி வரும்: மீன் ஏன் சிக்கியது? குண்டு ஏன் கழலவில்லை? பின் வரிசையில் ஏரிக்காரர்கள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். டீக் கோப்பையைப் பார்த்துச் சிரித்த அதே ஆறு பேர். மெர்வின் வாயை மூடிக்கொண்டான். வாழ்நாளில் அவன் வாயை மூடிக்கொண்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் மூடக்கூடாத இடத்தில்.

சாவுக்கான காரணம் உறுதியாகத் தெரியவில்லை என்று அதிகாரி எழுதினார். ஊர் உறுதியாகவே பேசியது. மீன் பிடிக்கிற எவனும் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்குவானா? முடிவு செய்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறான், பாவம்.

அதற்குப் பிறகுதான் மெர்வினுக்கு அந்தத் தொல்லை ஆரம்பித்தது. பேய் என்று அவன் சொல்ல மாட்டான். சொன்னால் அவனையே ஊர் கிண்டலடிக்கும். முதலில் அலாரம். பல் டாக்டர் அறையில், கடையில் சாமானுக்கு விலை போடுகிற இயந்திரத்தில், பின்பக்கமாக நகர்கிற குப்பை லாரியில், எல்லாவற்றிலும் லென்னின் தணிந்த குரல் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு நடை. பட்டப்பகலில் சமையலறையில் நின்றுகொண்டிருப்பான். பின்னால் ஈரச் சாக்ஸோடு ஒருவர் நடக்கிற சத்தம் கேட்கும். பச், பச், பச். லென் சாக்ஸைக் கழற்றாமல்தான் இறங்கியிருந்தான். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. தரை காய்ந்துதான் கிடக்கும். ஆனாலும் மெர்வின் குனிந்து தொட்டுப் பார்ப்பான்.

அவன் அந்த நாடாவை வாங்கி வந்தான். ஒரு கம்பெனியுடையது இல்லை, கடையில் இருந்த அத்தனை கம்பெனியுடையதும். ஏரித் தண்ணீரைக் கேனில் கொண்டு வந்து, அந்த ஏப்ரல் காலைக் குளிர் வரும்படி பனிக்கட்டி போட்டு ஆற்றி, கண்ணாடித் தம்ளர்களில் ஊற்றி, ஜன்னல் ஓரம் வரிசையாக வைத்தான். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு நாடா. கையில் கடிகாரம். குளிரில் கரையாது, கூழாகி ஒட்டிக்கொண்டே கிடக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது மட்டும் உண்மையாக இருந்துவிட்டால் போதும்! லென் நாடா கட்டியிருந்தாலும் அன்றைக்குக் குண்டு கழன்றிருக்காது என்றாகிவிடும். மெர்வின் கோப் தப்பித்துவிடுவான்.

சில நாடா கூழாகத்தான் ஆயிற்று, வெயில் காலத்துக்கென்று செய்தவை. லென் வாங்கின சுருளின் உறையை அவன் மறக்கவில்லை. நீல உறை, குளிர்காலத்துக்கானது. அது இரண்டு நிமிஷத்தில் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. மறுபடி போட்டான். இரண்டு நிமிஷம். பனிக்கட்டி கூட்டினான். இரண்டரை. வாரக்கணக்கில் செய்தான். ஒரு தடவைகூட அது அவனுக்காகப் பொய் சொல்லவில்லை.

ஒரு நாள் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோளுக்குப் பின்னால் லென் கேட்டான், அவனுக்கே உரிய மெதுவான குரலில், கிண்டல் துளியும் இல்லாமல்: "கரைஞ்சுதா, மெர்வ்?"

"கரைஞ்சுதுடா" என்று பதில் சொன்னான் மெர்வின். சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதான்.

டோரீன் வீட்டுக்கு அவன் வாரம் ஒரு தடவை போவான். கூரைத் தண்ணீர்க் குழாயில் இலை அடைத்தால் எடுப்பான், கதவுக்கு எண்ணெய் போடுவான். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள் அவள். முகத்துக்கு நேரே பேசுகிறவள். இப்போது பேச்சு குறைந்துவிட்டது. மெலிந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிவிட நினைப்பான், குழாயைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டு வந்துவிடுவான். சொல்ல வேண்டியது ஒரே வரிதான்: தூண்டிலைச் சுருட்டியது நான். அந்த ஒரு வரியால் அவள் ராத்திரி தூங்குவாள் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் பேச்சு அந்த ஒரு வரியோடு நின்றுவிடாது. பள்ளிக்கூட நாளிலிருந்து பழகின, அவனுக்கென்று மிஞ்சின ஒரே மனுஷி அவள்தானே!

நவம்பரில் ஒரு நாள் அவள் போன் செய்தாள். "வீட்டை விக்கறேன் மெர்வ். கடற்கரைப் பக்கம், ஸ்கெக்னஸ்ல, தங்கச்சி வீட்டோட போயிடப் போறேன். போறதுக்கு முன்னாடி ஒரு தடவை அந்த எடத்தைப் பாக்கணும். கூட்டிட்டுப் போறியா?"

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு இருவரும் வில்லோ மரத்தடியில் நின்றார்கள். வெயில் வெளிறிக் கிடந்தது. இலையெல்லாம் கொட்டிவிட்டிருந்தது. டோரீன் கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பாசித் திட்டைப் பார்த்தாள். அங்கே ஒரு நரம்பு விறைத்து நிற்பது மெர்வினுக்குத் தெரிந்தது. கண்ணை மூடித் திறந்தான். அப்போதும் தெரிந்தது.

"இங்கதானா?"

"இங்கதான்."

"பூட்ஸ் எங்க இருந்துச்சு?"

அவன் காட்டினான்.

"பூட்ஸ் எனக்குப் புரியுது" என்றாள் டோரீன். "பூட்ஸ் கம்பெனில வேலை செஞ்சவன். வீடு தீப்பிடிச்சாலும் ஜோடி சேத்து வெச்சுட்டுத்தான் ஓடுவான். ஆனா அந்தத் தூண்டில்! முப்பத்தெட்டு வருஷம், மெர்வ், எங்க வீட்ல குடிச்ச கோப்பையைக் கழுவி வெச்சதில்ல அவன். சாகறதுக்கு மட்டும் எல்லாத்தையும் எடுத்து வெச்சிருக்கான் பாரு. வேலை போனதுக்காக இல்ல. அதெல்லாம் ஊர் பேசுறது. அன்னிக்குக் காலைல நான்தான் சொன்னேன். கூரை ஒழுகுது, நீ மீன் புடிக்கப் போறியா, போ, அந்தக் குளத்துலயே போய் இருந்துக்கோன்னு. என்னிக்கும் சொல்றதுதான். அன்னிக்கு மட்டும் கேட்டுக்கிட்டான்."

மெர்வின் அவள் பக்கம் திரும்பினான். இவள் ஏழு மாதமாக இதையா சுமந்துகொண்டிருக்கிறாள்?

"அவன் மீனுக்காக எறங்கினான், டோரீன்."

"சும்மா இரு."

"நெசமா. நடுத் தூண்டில்ல மீன் இருந்துச்சு. பாசில சிக்கிக்கிச்சு. அதை விடுவிக்கத்தான் எறங்கினான். மார்பளவு தண்ணிதான்னு நெனச்சிருப்பான். திட்டுக்குப் பக்கத்துல குழி இருக்கு."

அவள் அவனைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அதுதான் தாங்கவில்லை. "ஆறுதலுக்குச் சொல்ற. நல்லவன்தான் நீ. ஆனா சுருட்டி வெச்ச தூண்டில்ல மீன் எங்கருந்து வரும்?"

"நான்தான் சுருட்டினேன்."

"என்ன?"

"நான் வந்தப்போ மூணும் தண்ணிலதான் இருந்துச்சு. அலாரம் கத்திக்கிட்டிருந்துச்சு. பக்கத்து எடத்துக்காரன் இல்லன்னா நாங்க அப்படித்தான் சுருட்டி வெப்போம். என் கை செஞ்சிருச்சு. யோசிக்கவே இல்ல."

ஏரியில் ஒரு நீர்க்கோழி கத்திவிட்டுப் போயிற்று.

"அப்ப விசாரணைல ஏன் சொல்லல?" என்றாள். பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டைத் திருப்பிக் கொண்டுவருகிற பையனைக் கேட்கிற குரல். "ஒரு வார்த்தைதானே? ஏன் சொல்லல மெர்வ்? அப்ப இது நீ இப்பக் கட்டின கதை."

இதற்கு மேல் ஒளிய இடமில்லை. பாதியைச் சொன்னால் நம்ப மாட்டாள். அவள் நம்ப வேண்டுமென்றால் மீதியையும் சொல்லியாக வேண்டும். மெர்வின் சொன்னான். நாடாவைச் சொன்னான், ஒரு விரல் நீளம் என்று கையைக் காட்டினான். டீக் கோப்பையைச் சொன்னான். மூளை எங்கே என்று கேட்டதையும், எல்லாரும் சிரித்ததையும், அன்றைக்குச் சொன்ன தொனியிலேயே சொன்னான். லென் காது சிவந்ததைச் சொன்னான். குண்டு இறுகினபடியே வந்ததைச் சொன்னான். தம்ளர்களைச் சொன்னான். இரண்டு நிமிஷம் என்று சொன்னான்.

"அது இருந்திருந்தா மீன் வந்திருக்கும். அவன் எறங்கியிருக்க மாட்டான். அதைக் கேட்டுருவாங்கன்னு பயந்துதான் வாயை மூடிக்கிட்டேன். எனக்கு வெக்கமா இருந்துச்சு, டோரீன். அவ்வளவுதான். வெக்கம்."

அவள் நம்பிவிட்டாள். அது அவனுக்குத் தெரிந்தது. இப்படி ஒரு அசிங்கத்தை ஆறுதலுக்காக யாரும் கட்டிச் சொல்ல மாட்டார்கள். அவள் மெதுவாகப் போய், லென்னின் நாற்காலி கிடந்த இடத்தில், ஈரப் புல்லிலேயே உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள்.

"மடையன்! ஒரு மீனுக்காக! நீச்சல் தெரியாத மடையன்! கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு எறங்கியிருக்கான் பாரு, ஈரமாகிடக் கூடாதுன்னு. திரும்பி வந்து போட்டுக்கணும்ல!"

"ஆமா."

"திரும்பி வரத்தான் இருந்தான்."

"ஆமா, டோரீன். ரொட்டி வாங்கிட்டு வரச் சொல்லியிருந்தான். தக்காளிச் சாஸ் நெறைய ஊத்தச் சொன்னான்."

அதைக் கேட்டதும் அவள் சிரிப்பு நின்றது. முகத்தைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தாள். மெர்வின் கை கொடுத்தான். அவள் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், எழுந்ததும் விட்டுவிட்டாள்.

"ஏழு மாசம்" என்றாள். குரல் உயரவில்லை. "ஏழு மாசமா செத்தவனைத் திட்டிக்கிட்டு இருந்தேன் நான். என்னை விட்டுட்டுப் போயிட்டியேன்னு. அவன் போட்டோவை எடுத்துச் சுவத்தைப் பாத்துத் திருப்பி வெச்சேன். கல்லறைக்கு ஒரு தடவைகூடப் போகல. நீ வாரா வாரம் வந்து என் வீட்டு டீயைக் குடிச்சுக்கிட்டு, என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருந்தே."

மெர்வின் அவள் காலடிப் புல்லைப் பார்த்தான்.

"நாடாவை விடு. கிண்டல் பண்ணினதையும் விடு. என்னிக்கும் நீ அப்படித்தான், அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நானும் காலைல ஒரு பேச்சுப் பேசித்தான் அனுப்பினேன். அதுக்கு உன்னைச் சொல்ல எனக்கு வாயில்ல." அவள் கோட்டுப் பொத்தானைப் போட்டாள். "என்னை வண்டில கொண்டுபோய் விடு. போன ஒடனே அந்தப் போட்டோவைத் திருப்பி வெக்கணும். நீ உள்ள வர வேணாம்."

வீட்டு வாசலில் அவள் இறங்கி, காரின் கதவை அடித்துச் சாத்தாமல் மெதுவாக மூடிவிட்டு உள்ளே போனாள். மெர்வின் எஞ்சினை அணைக்கவுமில்லை, வண்டியை எடுக்கவுமில்லை. முன்னறை ஜன்னல் வழியாக அவள் தெரிந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் அலமாரி மேலிருந்து போட்டோச் சட்டத்தை எடுத்தாள், சட்டைக் கையால் துடைத்தாள், மேஜைமேல் தன்னைப் பார்க்கிற மாதிரி வைத்தாள். எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். நிறையச் சொன்னாள். இவன் இங்கிருந்து அவள் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் அவள் எழுந்து வந்து, அவனைப் பார்த்தபடியே, திரைச்சீலையை இழுத்து மூடினாள்.